எலிகள் தேடிய மூலை

காலை பதினொன்றரை மணிக்கு எட்டாவது எலியும் மறந்துபோனது.

பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஞாபக ஆராய்ச்சிக்கூடத்தில் வட்டத் தொட்டி ஒன்று உண்டு. உள்ளே வெள்ளைச் சாயம் கலந்த தண்ணீர். அதற்குள், வெளியே தெரியாதபடி, எலி ஏறி நிற்கிற அளவுக்கு ஒரு மேடை. முதுமை மறதி நோய் வரும்படி வளர்க்கப்பட்ட எலிகள் அந்த மேடை எங்கே என்று எத்தனை முறை காட்டினாலும் கற்றுக்கொள்ளாது. அங்கே ஆராய்ச்சி செய்யும் சங்கரி கண்டுபிடித்த மருந்து ஏறிய எலிகள் கற்றுக்கொண்டன. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரை, விட்ட மாத்திரத்தில் நீந்திப் போய் ஏறிக்கொண்டன. பிறகு இரண்டு நாள் விடுமுறை. மூன்றாம் நாள், ஆராய்ச்சியைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு சொல்ல வந்த நிபுணர்களின் கண்முன்னே எட்டும் தண்ணீரில் தத்தளித்தன.

நண்பகலில் காவல் உதவி ஆய்வாளர் பிரம்மநாயகி ஜீப்பை விட்டு இறங்கினாள். மருந்துத் திருட்டு என்று புகார்.

"உட்காருங்க மேடம்" என்றார் இயக்குநர் நமச்சிவாயம்.

அவள் உட்காரவில்லை. மூன்று மணிக்கு ஜங்ஷனில் ஊர்வலப் பந்தோபஸ்து. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே.

"யாரைச் சந்தேகப்படுதீங்க?"

பதில் சொன்னவன் புகார் எழுதிக் கொடுத்த மூத்த ஆராய்ச்சியாளன் சிவகணேஷ். "சந்தேகம் என்ன மேடம்? குப்பியில இருந்த மருந்த எடுத்துட்டு உப்புத்தண்ணிய ஊத்தி வச்சிருக்காரு. மருந்து நின்னா ரெண்டே நாள்ல எலிக்கு மறந்துரும். லீவு நாள்ல ஊசி போட வந்தது எலிகளப் பாத்துக்கிடுத ஷேக் மைதீன் மட்டுந்தான்."

"அத வச்சு அவரு என்ன செய்யப் போறாரு?"

"அவரு வீட்டம்மாவுக்கு மறதி நோய். போன மாசம் சங்கரிகிட்ட கால்ல விழாத குறையா ஒரு குப்பி கேட்டாரே."

சுவரோரம் நின்ற ஷேக் மைதீன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். "கேட்டது நெசம்மா. ரைஹானத் இப்பம் என்னையவே யாருன்னு கேக்கா. அதான் கேட்டேன். தர முடியாதுன்னாவ, விட்டுட்டேன். அல்லா மேல ஆணை, நான் எடுக்கல. இப்பம் நீங்க கூட்டிட்டுப் போனா அவளுக்குச் சோறு ஊட்ட ஆளில்ல. வேற யாரு ஊட்டுனாலும் துப்பிருவா."

"குப்பியச் சோதிச்சா தெரிஞ்சிராதா?" என்று கேட்டாள் பிரம்மநாயகி.

"பெங்களூர் அனுப்பணும், பத்து நாள் ஆகும்" என்றார் நமச்சிவாயம். "முடிவு சொல்ல வந்த நிபுணருங்க ரெண்டு மணிக்குக் கிளம்புதாங்க."

காவலர் தேவேந்திரன் அதற்குள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். "ஏத்திரலாமா மேடம்?"

"பைய, தேவேந்திரன். தொட்டியில விழுந்த எலி கூட உம்ம மாதிரி துடிக்காது."

அவள் சிவகணேஷிடம் திரும்பினாள். "லீவுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பூஜை முடிஞ்ச கையோட எங்க ஊரு முக்கூடலுக்குப் போயிட்டேன். இன்னைக்குக் காலையிலதான் வந்தேன். வந்தவங்களோட ஹால்ல உக்காந்து திரையில பாத்தேன்."

"தொட்டி ரூமுக்குள்ள?"

"காலே வைக்கல. எனக்கு மேல்மாடியில எலி மூளைய மெல்லிசா வெட்டிச் சோதிக்குத வேலை. அந்த ரூம் பக்கமே போறதில்ல. பூஜை அன்னைக்குச் சந்தனம் வைக்கையில எல்லாரோடயும் நின்னதோட சரி."

"சாவி?"

"மூணு பேர்ட்ட. நான், சங்கரி, இவரு."

கணினி அறையில் சங்கரி கண் வீங்க உட்கார்ந்திருந்தாள். பிரம்மநாயகி கதவைச் சாத்தினாள்.

"உங்க மருந்து என்னம்மா செய்யும்? எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க."

"மூளையில ஒரு நரம்பணு அடுத்ததோட பேசுத எடம் இருக்கு மேடம். பேசப் பேச அந்த இணைப்பு பலமாகும். விட்டா மெலிஞ்சிரும். ஞாபகம்னா அதுதான். இந்த நோய்ல முதல்ல அறுந்து போறது அந்த இணைப்பு. மருந்து அதப் பிடிச்சு நிறுத்துதுன்னு நெனச்சேன். மூணு வருஷமா நெனச்சேன்." மூக்கைத் துடைத்தாள். "சிவகணேஷ் சார் ஆரம்பத்துலயே இந்த வழி பலிக்காதுன்னு ஆராய்ச்சிக் கட்டுரையே போட்டாரு. நான்தான் கேக்கல."

"தோத்துப்போச்சுன்னு எத வச்சுச் சொல்லுதீங்க?"

"நேரத்த வச்சு. மேடையில ஏற எத்தன விநாடி ஆகுதுன்னு கணினி சொல்லும். இன்னைக்கு எதுவுமே ஏறல."

"எலி போன வழி தெரியுமா?"

"கூரையில கேமரா இருக்கு. அதுல தண்ணி மட்டுந்தான் தெரியும். எலி போன தடத்தக் கோடாப் போட்டுரும். நாங்க அத அப்புறமாத்தான் பாப்போம்."

"இப்பமே பாப்போம்."

சங்கரி தட்டினாள். கதவுப் பக்கம் கீழே வருகிற அந்தப் படத்தில் மேடை மேலே வலப்பக்கம் இருந்தது. முதல் எலியின் கோடு மேலே இடப்பக்கத்துக்கு நேராகப் போய், அங்கேயே சிக்கல் நூலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவதும் அப்படியே. எட்டும் அப்படியே.

பிரம்மநாயகி நாற்காலியின் முதுகை விரலால் தட்டிக்கொண்டே நின்றாள். "வழி தெரியாதவன் நாலு தெருவுலயும் அலைவான். இதுவ எல்லாம் ஒரே வீட்டுக் கதவைத் தட்டுதே. மேடை இருக்க எடத்த எத வச்சுக் கண்டுபிடிக்கும்?"

"சுவத்துல நாலு பலகை மாட்டியிருக்கோம். முக்கோணம், வட்டம், கட்டம், நட்சத்திரம்."

"காலையில அதப் பாத்தீங்களா?"

"கையில எலி மேடம். மங்கல் வெளிச்சம். உள்ள விட்டுட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். நான் நின்னா என்னையே அடையாளமா வச்சுக்கும்."

தொட்டி அறைக்குள் பிரம்மநாயகி தனியாகப் போனாள். விளக்கு முழுவதையும் போட்டாள். பூஜைக்கு வைத்த சந்தனம் தொட்டியிலும் பலகைகளிலும் காய்ந்திருந்தது. இடப்பக்கச் சுவரில் முக்கோணம். யாரோ தாராளமாக அப்பியதில் சந்தனம் பலகையின் அடிவிளிம்பு வரை வழிந்திருந்தது. அதன் கீழே சுவர் சுத்தம். கதவுக்கு எதிர்ச்சுவரில் வட்டம். அதில் சின்னப் பொட்டு, வழியவே இல்லை. ஆனால் அதன் கீழே சுவரில் நீளமாக ஒரு சந்தனக் கோடு.

வெளியே வந்து கதவைப் பூட்டினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

ஷேக் மைதீன்.

"தொட்டி ரூம்ல விளக்குச் சுவிட்சு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்மா."

"எலிய எங்க வச்சு ஊசி போடுவீரு?"

"கூண்டு ரூம்ல. தொட்டிகிட்ட கொண்டு போறதில்ல."

"கதவத் தெறந்ததும் எதிர்ச்சுவத்துல என்ன இருக்கு?"

"முக்கோணம்."

சங்கரியும் யோசிக்காமல் முக்கோணம் என்றாள். நமச்சிவாயம் தலையைச் சொறிந்தார். படம் ஏதோ இருக்கும் என்றார்.

கடைசியாக சிவகணேஷ்.

"சுவிட்சு?"

"வலது."

"கேமரா?"

"கூரையில. இதெல்லாம் எதுக்கு மேடம்?"

"எடத்தப் பாத்து மகஜர் எழுதணும்லா. எதிர்ச்சுவத்துல?"

"வட்டம்."

"வேற ஒண்ணும் இல்ல. எல்லாரும் வாங்க."

ஒன்றேகால் ஆகியிருந்தது. நிபுணர்கள் ஹாலில் பைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். பிரம்மநாயகி அவர்களையும் கூப்பிட்டு, தொட்டி அறையைத் திறந்தாள்.

"எலி எதுவும் மறக்கல. முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல மேடைன்னு படிச்சுது. இன்னைக்கும் அங்கனயே போய்த் தேடிச்சு. நாலு பலகையையும் ஒவ்வொரு சுவர் தள்ளி மாட்டிட்டா அது என்ன செய்யும்? இந்தச் சந்தனத்தப் பாருங்க. கோடு எதிர்ச்சுவத்துல இருக்கு, அது வழிஞ்ச பலகை இடப்பக்கம் இருக்கு. அப்போ பூஜைக்குப் பிறகுதான் மாத்தியிருக்கு."

"சுத்தம் பண்ணும்போது அவரு மாத்தி மாட்டியிருப்பாரு" என்றான் சிவகணேஷ்.

"மாட்டியிருக்கலாம். அவர்ட்டக் கேட்டேன், முக்கோணம்னாரு. சங்கரியும் அதத்தான் சொன்னாங்க, காலையில இதே ரூம்ல நின்னும் கூட. அவங்க மனசுல பழசுதான் பலமா இருக்கு. நீங்க வட்டம்னீங்க. பூஜை அன்னைக்கு எதிர்ல இருந்தது முக்கோணம். அதுக்குப் பிறகு நீங்க உள்ள காலே வைக்கல. கேமராவுல தண்ணிதான் தெரியும். அப்போ வட்டத்த எங்க வச்சுப் பாத்தீங்க சார்?"

அவன் வட்டப் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்த ரூமுக்கு வாரதில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. அதனால பழசு உங்களுக்கு ஒட்டல. கடைசியா உங்க கை மாட்டுனது ஒட்டிக்கிச்சு."

"நான் மருந்தத் தொடல" என்றான் சிவகணேஷ். "அது வேலை செஞ்சா என் ஆறு வருஷ வேலை பொய்யின்னு ஆயிரும். ஒரு நாள் தோத்தாப் போதும்னு நெனச்சேன்."

"ஒரு நாளைக்காக இவரத் திருடனாக்கிட்டீங்க. பொய்ப் புகாருக்கு ஸ்டேஷன்ல வந்து பேசுங்க."

பலகைகளைச் சங்கரியே பழையபடி மாட்டினாள். எலியைத் தண்ணீரில் விட்டாள். அது ஒருமுறை மூக்கைத் தூக்கியது. நேராக நீந்திப் போய் மேடையில் ஏறி, மீசையைத் துடைத்துக்கொண்டது. நிபுணர்களில் ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு எலியை விடச் சொன்னார்.

ஷேக் மைதீன் வாசலுக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மருந்து நல்லா வேலை செய்யுது, என்னம்மா?"

சங்கரிக்கு அவர் கேட்பது எது என்று தெரிந்தது. "எலிக்கு, அண்ணாச்சி. எலிக்கு மட்டும். மனுஷருக்கு வர இன்னும் பத்து வருஷமோ என்னமோ. வராமலும் போகலாம்."

அவர் கையில் சுருட்டியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போயி அவளுக்குச் சோறு ஊட்டிட்டு வாரேன். இதுவளுக்கு இன்னைக்கு ஊசி போடல. வந்து போடுதேன்."