மீட்டர் வைக்க ஓர் இடம்

கழற்றிய முதல் ஸ்க்ரூ வெதுவெதுப்பாக இருந்தது.

காலையிலிருந்து ஷெட்டின் நிழலிலேயே நின்ற கார் அது. பானெட்டில் கை வைத்தால் சில்லென்றிருந்தது. ஆனால் டேஷ்போர்டின் நடுவிலிருந்து வந்த அந்தச் சின்ன ஸ்க்ரூ, யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து கொடுத்ததுபோல் இருந்தது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் உதடுகளுக்கிடையே செருகிக்கொண்டான். கார் எலக்ட்ரீஷியனாகப் பதினெட்டு வருடப் பழக்கம். இரண்டு கைகளும் டேஷ்போர்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்க்ரூவுக்கு உதட்டைவிட வாகான இடம் கிடையாது. வயரின் மேல்தோலையும் பல்லால்தான் உரிப்பான். இந்த வாயோடு பிள்ளையைக் கொஞ்சாதே என்று மனைவி எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறாள்.

இரும்பின் சுவை அவனுக்கு அத்துப்படி. இது இரும்பு இல்லை. உப்பு, அதற்கடியில் புளித்துப்போன ஒரு கொழகொழப்பு. இன்னொருவர் வாயிலிருந்து எடுத்த கரண்டியைத் தெரியாமல் தன் வாயில் வைத்துவிட்டதுபோல் குமட்டியது. ஸ்க்ரூவைத் துப்பினான். கூடவே வந்த எச்சில் நூல்போல நீண்டு, அறுபடாமல், மோவாயில் ஒட்டிக்கொண்டது.

கார் தங்கையுடையது. மூன்று வாரத்துக்கு முன், அவனை ஒரு வார்த்தை கேட்காமல், பழைய வண்டியாக வாங்கியிருந்தாள். ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கிறது. சூடு காட்டும் முள்ளோ செத்துக் கிடக்கிறது. நாளை விடியற்காலையில் இதே வண்டியில் மலைமேல் இருக்கும் ஊருக்குப் புதிய வேலையில் சேரத் தனியாகப் போகிறாள். ஆறு மணி நேரப் பாதை, கடைசி இரண்டு மணி நேரமும் வளைவு வளைவாக ஏற்றம். பஸ்ஸில் போ என்று நேற்றிரவு முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டான். அவளோடு வாதாடி ஜெயித்ததாக அவனுக்கு நினைவே இல்லை.

"நீ மீட்டர் மாட்டலேன்னா மாட்டாமலே போறேன். மாட்டினா அதைப் பார்த்துக்கிட்டே போறேன். எது வேணும்னு நீயே சொல்லு" என்று முடித்துவிட்டாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டைத் திறந்திருந்தான். மூன்று வட்ட மீட்டர்கள்: என்ஜின் சூட்டுக்கு ஒன்று, ஆயில் அழுத்தத்துக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. வைக்கத்தான் இடமில்லை. டேஷ்போர்டின் மேலே வைத்தால், குள்ளமான அவளுக்குப் பாதி ரோடு மறைந்துவிடும். முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் வைத்தால் வலப்பக்க வளைவு தெரியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் வைத்தால் குனிய வேண்டும். மலைப்பாதையில் ஒரு நொடி குனிந்தாலும் போதும். ஒவ்வோர் இடத்திலும் மீட்டரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏசி காற்று வரும் வென்டுகளில் வந்து நின்றான். இடம் வலமாக நான்கு வட்டங்கள். ஏசி எப்படியும் ஓடுவதில்லை. நடுவில் இருந்த இரண்டில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தான். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

பிடுங்கிய துவாரத்திலிருந்துதான் அந்த நாற்றம் வந்தது. காலையில் பல் தேய்க்காத வாயின் நாற்றம். ஒரு வாய் அல்ல, ஜன்னல் திறக்காத அறையில் விடிய விடியப் படுத்திருந்த பத்துப் பேரின் வாய்.

பக்கத்து ஷெட்டில் சுரண்டிக்கொண்டிருந்த பெயிண்டரைக் கூப்பிட்டான். எந்த நசுங்கலையும் தட்டி எடுக்கச் சோம்பல்பட்டுப் புட்டி மாவை அப்பி மூடுவதால் எல்லோரும் அவனுக்கு வைத்த பெயரும் புட்டி. புட்டி காருக்குள் தலையை நீட்டி இரண்டு தடவை உறிஞ்சிவிட்டுச் சிரித்தான்.

"இருபது வருஷமா தின்னர்ல குளிச்ச மூக்குப்பா இது. எங்கிட்ட போய் வாசனை கேக்கறியே. எலி செத்திருக்கும், கையை விட்டுப் பாரு."

நாலடி போனவன் திரும்பி நின்றான்.

"ஆமா, இந்த வெயில்ல எதுக்கு ஹீட்டர் போட்டு வெச்சிருக்க? உள்ள கதகதன்னு இருக்கு."

ஹீட்டர் ஓடவில்லை. பேட்டரி வயரையே அவன் கழற்றி வைத்திருந்தான். சொல்ல வாயெடுப்பதற்குள் புட்டி போய்விட்டான்.

துவாரத்துக்குள் கையை விட்டான். மணிக்கட்டு வரை வழக்கமான பிளாஸ்டிக் குழாய்தான். அதற்கு அப்பால் விரல்கள் ஈரமான, வழவழப்பான, அழுத்தினால் அமுங்குகிற எதிலோ பட்டன. தடவினான். வரிவரியாக மேடுகள். அது என்னவென்று அவனுக்குமுன் அவன் நாக்குக்குப் புரிந்தது. அதுவாகவே மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அங்கே இருந்த அதே வரிகள். அதே வெதுவெதுப்பு.

கையை உருவியபோது ஒரு சின்னச் சப்தம் கேட்டது, குழந்தை வாயிலிருந்து விரலைப் பிடுங்கினால் கேட்பதுபோல. முழங்கை வரை கோழை. அதில் சுருண்டு ஒட்டியிருந்த நீளமான நரைமுடிகள். ஷெட் வாசலுக்கு ஓடி மதியம் சாப்பிட்டதையெல்லாம் கொட்டினான். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, சோப்புத்தூள் போட்டு, மறுபடியும் கழுவினான். தண்ணீர் தேங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சொன்னவனும் நம்பவில்லை, கேட்டவனும் நம்பவில்லை. ஆனால் மீட்டர் இல்லாவிட்டாலும் நாளைக்கு அவள் போகத்தான் போகிறாள். என்ஜின் நடு ஏற்றத்தில் நின்றுபோகும் காட்சி, இந்தக் கோழையைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மூடிவிட வேண்டியதுதான்.

நடுவில் இரண்டு மீட்டர்களைப் பதித்தான். ஓரங்களில் இடுக்கு அடைக்கும் பேஸ்ட் வைத்து அழுத்தினான். வலக்கோடியில் மூன்றாவது. ஒன்று அடைபட அடைபட, மிச்சமிருந்ததில் நாற்றம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் எல்லாம் இடக்கோடி வென்டுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதன்முன் குனிந்தான். ஈரக்காற்று முகத்தில் அறைந்தது. நின்றது. பிறகு அவன் முன்முடி மெல்ல வென்டை நோக்கி இழுபட்டது.

வெளியே. உள்ளே. வெளியே.

ஆறு மணி நேரம் தங்கை இதைச் சுவாசித்துக்கொண்டு போவாள். அந்த நினைப்பில் அவன் வேறெதையும் யோசிக்கவில்லை. தடித்த ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி, பேஸ்ட் பூசி, நான்காவது துவாரத்தின்மேல் வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினான். ரப்பர் உப்பியது. குழிந்தது. உப்பியது. வேகம் கூடியது. படபடவென்று அடித்துக்கொண்டது. டேஷ்போர்டுக்குள் எங்கோ ஆழத்தில் ஏதோ ஒன்று முட்டி மோதித் திணறியது. அவன் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

நாற்றம் சுத்தமாக நின்றுவிட்டது. அவன் வெகுநேரம் தன் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்குத் தங்கை வந்தாள். சொல்லச் சொல்லக் கேட்காமல் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். புது மீட்டர்களை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். விமானம் ஓட்டப் போகிறாளாம், அண்ணனுக்கு ஒரு சீட்டு இலவசமாம். அவன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினான். இனி வயர்களை என்ஜினில் சேர்ப்பதுதான் பாக்கி. மூன்று மீட்டர்களின் வயர் நுனிகளும் அவன் கையில் இருந்தன.

"அண்ணா, முள்ளு ஆடுதே."

"இன்னும் கனெக்‌ஷனே குடுக்கல. எப்படி ஆடும்?"

"ஆடுது. மூணும் சேர்ந்து." ஒரு கொட்டாவி விட்டாள். "என்னன்னு தெரியல, கொட்டாவியா வருது..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவன் காத்திருந்தான். கையிலிருந்த வயர் நுனிகளைப் பார்த்தான். ஒன்றும் எதையும் தொடவில்லை.

கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான்.

பானெட்டைச் சுற்றி வந்தான். கண்ணாடிகள் உள்பக்கம் வேர்த்திருந்தன. கதவைத் திறந்தான்.

அந்த நாற்றம்.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் ஸ்டியரிங்கில். கண்கள் அவனைப் பார்த்தன. அவளேதான் பார்த்தாள். கொட்டாவிக்குத் திறந்த வாய் மூடவில்லை.

பாய்ந்து இடக்கோடி ரப்பரைப் பிய்த்தான். நகம் பிய்ந்தது. ரப்பர் வந்தது. அடியில் துவாரம் இல்லை. இளஞ்சிவப்பாய், ஈரமாய், தோல் மூடியிருந்தது. உள்ளே இருந்ததற்கு இனி இந்தத் துவாரம் தேவையில்லை.

திரும்பினான்.

அவள் நெஞ்சு அசையவில்லை. ஆனால் வாயிலிருந்து காற்று வந்தது. சூடாய், ஈரமாய், அவன் கைமுடிகள் படுத்துக்கொள்ளுமளவுக்கு. பிறகு உள்ளே போனது. நீளமாய். ஒரு மனித உடம்புக்கு வேண்டியதைவிட மிக நீளமாய். டேஷ்போர்டு மெல்ல எழுந்து தாழ்ந்தது.

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உதடுகள் 'அண்ணா' என்று குவியப் பார்த்தன. காற்று விடவில்லை.

மூன்று முட்களும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.