ஈச்சமடையில் குளித்தவன்

அருவியை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரம் நடந்த பிறகும் சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. நசீம் முதலில் அதைத் தன் காதுக் கோளாறு என்றுதான் நினைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்தவள். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் உடம்பு ஆடிக்கொண்டே இருப்பதுபோல, காதுக்குள் கொஞ்ச நேரம் அது ஓடிக்கொண்டிருக்கும் என்று இருந்துவிட்டாள். ஆனால் காலையில் ஏறிப் போகும்போது இதே வளைவில், இதே சாய்ந்த நெல்லி மரத்தடியில் நின்று, "இன்னும் எவ்வளவு தூரம் மச்சான், சத்தமே கேக்கலயே" என்று கேட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அதே மரத்தடியில், பத்தடி தள்ளி விழுவதுபோல் அருவி இரைந்துகொண்டிருந்தது.

முன்னால் அப்சல் போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமல்.

உத்தமபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன் அப்சல். நசீம் அதே ஊரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் இருவருக்கும் பொதுவாக வாய்த்த ஒரே பைத்தியம் அருவி பார்ப்பது. சுருளி, கும்பக்கரை என்று ஊர் கூடும் இடங்களில் ஆரம்பித்து, கூட்டம் பிடிக்காமல், பிறகு பெயரே வெளியில் தெரியாத சின்னச் சின்ன அருவிகளாகத் தேடிப் போனார்கள். கடைக்குக் குழாய் வாங்க வரும் ஒவ்வொரு விவசாயியிடமும் அப்சல், "உங்க மலையில தண்ணி விழுற எடம் எதும் இருக்கா அண்ணே" என்று விசாரிப்பான். ஒரு மணி நேரத்துக்குள் நடந்து போய்த் திரும்பிவிடக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அப்படித்தான் வருசநாட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் சொல்லி இந்த ஈச்சமடை அருவி தெரிய வந்தது.

எப்போதும் ஷர்மினும் கூட வருவாள். ஆறு வயது, உள்ளங்கையில் எப்போதும் மருதாணி இருக்கும். இந்த முறை காது வலி. தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவளைக் கடமலைக்குண்டில் அப்சலின் தங்கை சுமையா வீட்டில் விட்டுவிட்டு இருவர் மட்டும் வந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை. மலைப்பாதையில் வேறு ஒரு ஆள் இல்லை. கார் நிற்கும் இடத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த சந்தனம்மாள் மட்டும், "சுருக்கா எறங்கிருங்க தாயீ, யானை நடமாட்டம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள்.

அருவி பெரிதொன்றும் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் கறுத்த பாறையிலிருந்து ஒரே அகலமாக, மடிப்பில்லாத வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டதுபோல் விழுந்தது. வெளியிடத்தில் குளித்துப் பழக்கமில்லாத நசீம் பையையும் அவன் சட்டையையும் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். அப்சல் குளிருக்குக் கத்திக்கொண்டே போய்த் தலையைக் கொடுத்தான். முதுகைக் கொடுத்தான். பிறகு தண்ணீருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனான்.

வெகுநேரம் வரவில்லை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை எழுந்தே நின்றுவிட்டாள். அப்போது வந்தான். கத்தவில்லை. தலையைச் சிலுப்பவில்லை. அவள் நீட்டிய துண்டை வாங்காமல், ஈர உடம்பின்மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், அதுக்குள்ள கிளம்பிட்டீக?"

அவன் அதற்குள் பாதையில் ஏறியிருந்தான். குளிர்ந்து போய்விட்டது போல, என்று எண்ணி அவளும் பின்னால் நடந்தாள்.

நெல்லி மரத்தைத் தாண்டியதும் அவள் செருப்பு வார் கழன்றது. குனிந்து அதை மாட்டி நிமிர்வதற்குள் அப்சல் நாற்பது ஐம்பது அடி போய்விட்டான். சத்தம் தணிந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது நசீமுக்கு. எட்டி நடந்து அவனை நெருங்கினாள். நெருங்க நெருங்க இரைச்சல் ஏறியது. அவள் நின்றாள். அவன் போகப் போக அது தணிந்தது. மறுபடி ஓடிப் போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றபோது, முகத்தில் சாரல் அடித்தது.

வெயில் சுள்ளென்று காய்ந்துகொண்டிருந்தது. பாதையில் புழுதி. அந்தப் புழுதியில் அவன் வைத்த ஒவ்வொரு அடியிலும் தண்ணீர் தேங்கி நின்றது. சட்டை உலரவில்லை. முடி உலரவில்லை. பேன்டின் கீழ் மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, வடிந்தது. குழாயை அரைகுறையாக மூடி வைத்ததுபோல். அவனிடம் எப்போதும் இருக்கும் வியர்வையும் அத்தரும் கலந்த வாடை இல்லை. பாசி வாடை. வெயிலே பட்டிராத கல்லின் வாடை.

"மச்சான்" என்று அவன் கையைப் பிடித்தாள்.

தினமும் நாற்பது பேரின் கையைப் பிடிக்கிறவள் அவள். குண்டானவர்கள், கிழவர்கள், பால்குடிப் பிள்ளைகள் என்று யாருடைய நரம்பும் அவள் விரலுக்குத் தப்பாது. பழக்கத்தில் அவள் ஆள்காட்டி விரல் தானாகப் போய் அப்சலின் மணிக்கட்டில் அழுந்தியது. துடிப்பு இல்லை. நின்றுபோயிருந்தால்கூட அது இன்னதென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இது ஓடியது. விட்டு விட்டு அல்ல. ஒரே சீராக, நிற்காமல், தோலுக்கு அடியில் ஓடை போவதுபோல் ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் திரும்பினான். முகம் சரியாகத்தான் இருந்தது. இடது புருவத்துத் தழும்புகூட அதன் இடத்தில் இருந்தது. சிரித்தான். பேச வருகிறவன்போல் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. பூட்டியிருந்த ஒரு அறையின் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சத்தம் சட்டென்று பெரிதாகுமே, அப்படி அருவியின் இரைச்சல் அந்த வாயிலிருந்து அவள் முகத்தில் மோதியது.

பிறகு வாயை மூடிக்கொண்டு, அவள் விரல்களிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு, அது மறுபடி நடக்கத் தொடங்கியது.

நசீம் அப்படியே நின்றாள். ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்தாள்; குழந்தையிலிருந்து மனப்பாடமாக வரும் அந்தக் குர்ஆன் வசனம் பாதியில் விட்டுப் போயிற்று. மறுபடி ஆரம்பித்தாள். அதே இடத்தில் விட்டது. ஒரே ஒரு எண்ணம்தான் மண்டைக்குள் தெளிவாக நின்றது. இது அப்சல் இல்லை. அப்படியானால் அப்சல் எங்கே?

வந்த வழியே ஓடினாள். அருவியை நோக்கி ஓட ஓடச் சத்தம் குறைந்துகொண்டே போனது. நெல்லி மரம். ஈச்சம் புதர். இரட்டைப் பாறை. தன் மூச்சுதான் கேட்டது, தன் செருப்புதான் கேட்டது. கடைசி வளைவில் திரும்பியபோது ஒரு சில்வண்டுச் சத்தம்கூட இல்லை.

அருவி விழுந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல்.

அத்தனை தண்ணீரும் வந்து பாறையில் மோதி, நுரைத்து, சிதறி, ஓடியது. ஒரு சொட்டுக்கும் ஒலி இல்லை. நடுவில், தண்ணீருக்கு அந்தப் பக்கத்தில், வெற்றுடம்போடு அப்சல் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையாலும் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் உடுப்போடு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். அருவிக்குள் கையை விட்டாள். தோள்வரை போயிற்று, அந்தப் பக்கம் வெறும் காற்று. அப்சலின் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவள் கை அந்த முகத்தின் வழியே போய் வெறுமையைத்தான் துழாவியது. பக்கவாட்டில் பாறையைப் பிடித்து ஏறி உள்ளே நுழைந்தாள். ஒரு பீரோ அளவுக்குப் பொந்து. காய்ந்த பாசி. வவ்வால் எச்சம். யாரும் இல்லை. வெளியே வந்து பார்த்தாள். நின்றுகொண்டிருந்தான்.

அவன் தண்ணீருக்குப் பின்னால் இல்லை. தண்ணீரில் இருந்தான்.

எத்தனை தடவை உள்ளே போய் வெளியே வந்தாள் என்று தெரியாது. கல்லை எடுத்து எறிந்தாள். துப்பட்டாவைச் சுருட்டி வீசினாள், அவன் பிடித்துக்கொள்வான் என்று. கத்தினாள். அவன் வாயும் அசைந்தது. அவளுடைய குரல் அவனுக்குக் கேட்டதாகவும் தெரியவில்லை. கடைசியில் கரையோரத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது அப்சல் தட்டுவதை நிறுத்தினான். உள்ளங்கையைக் கீழ் நோக்கி விரித்து இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் காட்டினான். பிறகு பாதையைக் காட்டினான். மறுபடி உள்ளங்கை. மறுபடி பாதை.

பிள்ளை உயரம்.

கார் சாவி, அது மாட்டிக்கொண்டு போன சட்டையின் பையில்தான் இருந்தது.

"மச்சான், நான் போறேன். பிள்ளையப் பாத்துட்டு வந்துர்றேன். வந்துருவேன் மச்சான்." அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தே சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். போ, போ என்று இரண்டு கையாலும் விரட்டினான். பையை இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

கார் நின்ற இடத்தில் கார் இல்லை. மண்ணில் ஒரு சதுரம் மட்டும் சேறாகிக் கிடந்தது.

"உங்க வீட்டுக்காரக போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சே தாயீ" என்றாள் சந்தனம்மாள். "நீங்க மெதுவா வாறீகன்னு நெனச்சேன். அவுக எறங்கி வரும்போது பெருமழை வாற மாதிரி ஒரே சத்தம். நான் பழத்தை எல்லாம் மூடி வச்சிட்டேன். வானத்தப் பாத்தா ஒரு மேகமில்ல. என்னாச்சு தாயீ? ஏன் இப்பிடி நனைஞ்சு நிக்கிறீக?"

நசீம் போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடு. சுமையாவுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"மதினி, எங்கன இருக்கீக? அண்ணன் மட்டும் வந்து உக்காந்திருக்காக. கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாக."

"ஷர்மின் எங்க?"

"அவுக மடியிலதான். பிள்ளைக்குக் காது வலின்னு நீங்கதான சொன்னீக, நனைஞ்ச உடம்போட இப்பிடியா தூக்கி வச்சுக்கிர்றது? வீடு பூரா தண்ணி."

"பிடுங்கு. சுமையா, பிள்ளையப் பிடுங்கிக்கிட்டு வெளிய ஓடு."

"என்ன மதினி? கேக்கலயே. குழாய் கிழாய் ஒடைஞ்சிருச்சா என்னமோ, ஒரே எரைச்சலு. இருங்க, பிள்ளைகிட்டக் குடுக்கிறேன். ஷர்மினு, இந்தா, அம்மாகிட்டப் பேசு."

"ஷர்மின்? தங்கம்? அத்தா மடிய விட்டு எறங்கு. எறங்கிரு ராசாத்தி."

போனில் தண்ணீர் விழுந்தது. அத்தனை உயரத்திலிருந்து, அத்தனை அகலத்துக்கு. அந்த இரைச்சலுக்கு அடியில், எங்கோ தூரத்தில், சுமையாவின் குரல்: "ஏ புள்ள, ஏன் இப்பிடி வாயத் தொறக்குற... அண்ணே, பிள்ளைக்கு என்னமோ..."

கட்டாகிவிட்டது.

சந்தனம்மாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ரோட்டுக்குப் போவம் வா தாயீ. ஏதாச்சும் வண்டி வரும். நான் ஆளக் கூப்பிடுறேன்." கடமலைக்குண்டுக்குப் போகும் மண் சாலை வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. நசீம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையை உதறிவிட்டு மலைப்பாதையில் ஏறினாள்.

ஓட முடியவில்லை. நடந்தாள். விழுந்தாள். எழுந்தாள். புழுதியில் அந்த அடிகள் இன்னும் ஈரமாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் தாண்டிக் கால் வைத்தாள். இருக்காது. இருக்கவே இருக்காது. பிள்ளை சுமையா வீட்டில் இருக்கிறாள். காது வலியோடு பாயில் படுத்திருக்கிறாள். நெல்லி மரம். ஈச்சம் புதர். இரட்டைப் பாறை.

கடைசி வளைவில் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே நாலு எட்டு வைத்தாள். சில்லென்று சாரல் பட்டது. ஒரு சத்தமும் இல்லை.

திறந்தாள்.

மதிய வெயிலில் அருவி பளபளவென்று விழுந்துகொண்டிருந்தது. அப்சல் இப்போது அவளைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில், தண்ணீரின் உட்பக்கத்தில், மருதாணி இட்ட ஒரு சின்ன உள்ளங்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அது தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.