முதல் துளையில் நின்ற சீட்டு

காப்பி இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை, அதற்குள் மாமனாரின் குரல் கூடத்தில் எழும்பிவிட்டது.

“டேய், அவகிட்ட சொல்லு. டிரைவர் சீட்டு பத்து மணிக்குள்ள ஷெட்டுக்கு வந்தாகணும்.”

அந்த ‘அவள்’ இரண்டு முழ தூரத்தில், தையல் மெஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மாமனார் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. இருந்தாலும் புருஷன் திரும்பி, “பத்து மணிக்கு வேணுமாம்” என்றான். அவளும் அப்போதுதான் கேட்டவள் போல, “சரிங்க” என்றாள். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் இதுதான் நடைமுறை! மகன் வீட்டில் இல்லாத நேரங்களில் பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “எனக்குக் கொஞ்சம் வெந்நீர் வேணும்” என்பார். கடிகாரம் என்ன வெந்நீரா போடும்? அவள்தான் எழுந்து போவாள்.

எல்லாம் அந்தப் பழைய காரால் வந்தது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாமனார் வாங்கிய வண்டி. அவருடைய உயிரே அதில்தான் இருந்தது. ‘என்னைக் கேக்காம அதைத் தொட்டவங்களுக்கு இந்த வீட்டுல இடமில்லை’ என்று சொல்லி வைத்திருந்தார். அவள் கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதம், ஒரு மத்தியானம், அது வாசல் தூணில் மோதியது. “நான்தான் மாமா... ஆசையா எடுத்துப் பார்த்தேன்” என்று அவள் தலைகுனிந்து நின்றாள். புது மருமகளை வீட்டை விட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. பேச்சை மட்டும் அன்றோடு நிறுத்தினார். காரின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் தார்ப்பாய் விலகியது. “கண்ணை மூடறதுக்குள்ள அதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்டா” என்றார் மகனிடம். மகன் மெக்கானிக். உள்ளே இருக்கும் துணி வேலையெல்லாம் அவள் தலையில் விழுந்தது. மேற்கூரைத் துணி, கதவு அட்டைக்கு உறை, கார்ப்பெட், சீட்டு... எது புதிதாகத் தைத்தாலும் முதலில் சொன்னபடி கேட்காது. ஓர் ஓரம் பொருந்தினால் மறு ஓரம் விறைத்துக்கொண்டு நிற்கும். பிரிப்பாள், நூலிழை அளவு குறைப்பாள், திரும்பத் தைப்பாள். அவளுக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

ஆனால் கார்ப்பெட்டுக்கு அளவெடுக்க ஷெட்டில் குனிந்த அன்றைக்குப் போன தூக்கம்தான், இன்னும் திரும்பவில்லை.

டிரைவர் சீட்டு முன்னும் பின்னும் நகர்வதற்குத் தரையில் இரண்டு ரெயில்கள் உண்டு. அவற்றில் ஐந்து துளைகள். ஓட்டுகிறவரின் கால் நீளத்துக்கு ஏற்றபடி எந்தத் துளையில் வேண்டுமானாலும் சீட்டை நிறுத்திக்கொள்ளலாம். இந்த வண்டியில் ரெயில் முதல் துளையிலேயே மாட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. முதல் துளை என்றால் ஸ்டீயரிங்கை ஒட்டி... இந்த வீட்டில் அந்தத் துளையில் சீட்டை வைத்து ஓட்டக்கூடியவள் ஒருத்திதான். அது அவளில்லை. அவள் கதவு நிலைக்குக் குனிந்து நுழைகிற நெட்டை!

“துரு பிடிச்சிருக்கு. எண்ணெய் விட்டிருக்கேன், தானா இளகும்” என்று புருஷன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். “எதுக்குங்க வம்பு? புது ரெயில் போட்டுடலாமே!” என்று அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் மாமனார் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்: “வண்டியோட வந்ததுதான் போடணும்.”

இன்றைக்குச் சீட்டு ஏறுகிறது. நாத்தனாரும் வருகிறாள், அப்பாவோடு முதல் சவாரி போக. மெஷினை மிதித்தபடியே மருமகள் நினைத்தாள்: ‘பொய் வெளிச்சத்துக்கு வந்தால் இந்த மனுஷன் பெற்ற மகளின் முகத்தில் இனி விழிப்பாரா? எனக்குப் பழகிவிட்டது. அவள் தாங்குவாளா?’

பத்து மணிக்கு நாத்தனார் வந்துவிட்டாள். ஐந்தடிகூட இல்லாத உருவம். அப்பாவுக்கு அவள் இன்னும் ‘குட்டி’தான். வழக்கம்போல் அண்ணிக்கு ஒரு பை நிறைய என்னென்னவோ வாங்கி வந்திருந்தாள். வழக்கம்போல் அதைக் கொடுக்கும்போது அண்ணியின் கண்ணைப் பார்க்கவில்லை.

ஷெட்டில் புருஷன், எண்ணெய் விட்ட ரெயில் இதற்குள் இளகியிருக்கும் என்ற நினைப்பில், சீட்டைத் தூக்கி ரெயில்மேல் வைத்து நாலு போல்ட்டையும் முடுக்கினான். நிமிர்ந்து பார்த்தவன் முகம் மாறியது. சீட்டின் முன்விளிம்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை!

“என்னடி பண்ணி வெச்சிருக்கே? பஞ்சை அள்ளித் திணிச்சிட்டியா?”

 அந்தப் பழைய வார்த்தைகள் தாமாகவே அவள் வாயில் வந்தன. “ஆமாங்க... நான்தான் அளவைத் தப்பா எடுத்துட்டேன். குடுங்க, பிரிச்சுத் தைச்சுத் தரேன்.”

“எட்டு மாசம் உசிரை விட்டு ஒழைச்சு, கடைசி நாள்ல இப்படியா? அன்னிக்கும் நீதான் கெடுத்தே, இன்னிக்கும் நீதான்!” என்று புருஷன் கத்தினான்.

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அண்ணி அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். ‘வேண்டாம், வாயைத் திறக்காதே...’

கத்தரிக்கோலைத் தையலில் வைத்தாள். பதினெட்டு நாள் வேலை. முதல் இழை அறுந்தது.

“நிறுத்தச் சொல்லுடா!”

பெரியவர் மூலையில் கிடந்த பழைய சீட்டின் சட்டத்தை இழுத்துப் போட்டார். எலி தின்றது போக ஓர் ஓரத்தில் பழைய மெத்தை மிச்சமிருந்தது. அளவுகோலை வைத்தார், புதியதில் வைத்தார், மறுபடியும் பழையதில் வைத்தார். முப்பது வருஷ ஃபிட்டர் அவர். மனுஷர் பேச்சை நம்ப மாட்டார், அளவுகோலை நம்புவார்.

“ரெண்டும் ஒண்ணுதான். தைச்சதுல ஒரு குறையும் இல்லை. பின்ன எதுக்குத் தப்புன்னு ஒத்துக்கிட்டா?”

 அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு முனகியபடியே மண்டி போட்டார். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினார். 

“துருவாடா இது? கண்ணு எங்கடா வெச்சிருந்தே? மோதினப்போ தரைத்தகடு மடிஞ்சு ரெயிலைக் கவ்வியிருக்கு பார்! அப்படின்னா மோதின நேரத்துல சீட்டு முதல் துளையிலதான்...”  அந்தத் துளையையே டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

“அவளை இதுல உக்காரச் சொல்லு.”

“வேண்டாம் மாமா... சீட்டு அழுக்காயிடும்...”

“உக்காரச் சொல்லுடா!”

அவள் உடம்பை எப்படியெல்லாமோ மடக்கி நுழைந்தாள். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. ஸ்டீயரிங் வயிற்றில் குத்தியது. காலைத் தூக்கிக் கிளட்சின்மேல் வைக்கவே வழியில்லை. சந்துக்குள் மாட்டிய ஏணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மாமனார் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

“நீ எப்படிம்மா ஓட்டினே?”

“அப்போ... அப்போ நான் ஒல்லியா இருந்தேன் மாமா...”

“ஒல்லியா இருந்தா காலு குட்டையாயிடுமா?”

அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. நாத்தனார் கதவைத் திறந்தாள். “எறங்குங்க அண்ணி” என்று கையைப் பிடித்து இழுத்தாள். “குட்டி, சொன்னாக் கேளு... வேண்டாம்!” என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, நாத்தனார் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்துச் செய்தது போலக் கால் கிளட்சில் போய் உட்கார்ந்தது.

“நான்தாம்ப்பா!” என்று ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். “என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்துச்சு. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு... மோதினதும் அண்ணி கால்லதான் போய் விழுந்தேன். நான் பார்த்துக்கறேன், நீ உள்ள போன்னாங்க. அப்புறம் சொல்லிடணும் சொல்லிடணும்னு... வாய் வரலைப்பா!”

“அடிப்பாவி! இத்தனை வருஷம் ஒருத்தியை நிக்க வெச்சுட்டு...” பெரியவர் கையை ஓங்கினார். அண்ணி குறுக்கே பாய்ந்தாள்.

“அவளை எதுவும் சொல்லாதீங்க மாமா! நானாத்தான் வாக்குக் குடுத்தேன்.”

ஓங்கிய கை இறங்கிவிட்டது. புருஷன் கையில் ஸ்பானரோடு மரமாக நின்றிருந்தான். “என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றான்.

“நீங்க கேட்டீங்களா?” அவள் குரல் உடைந்தது. “உண்மையிலயே நீதானான்னு... ஒரு தடவை... ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா உங்ககிட்ட என்னால பொய் சொல்லியிருக்க முடியாதுங்க!”

அவன் தலை தாழ்ந்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடிக்க வந்தவன், தன் கையெல்லாம் எண்ணெய் என்று பார்த்துத் தயங்கினான். அவள்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அவனைச் சொல்றியே... நான் என்ன கிழிச்சேன்? ஃபிட்டர்னு பேரு! அன்னிக்கே கதவைத் தொறந்து ஒரு நிமிஷம் உள்ள பார்த்திருந்தா இந்த ரெயில் சொல்லியிருக்கும். பார்க்காம தார்ப்பாயைப் போட்டு மூடினவன் நான்தானே...” என்று நெற்றியில் அறைந்துகொண்டார். மகளும் மருமகளும் இரண்டு பக்கமும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் யார் யாரைத் தேற்றியது என்றே தெரியவில்லை.

அழுது ஓய்ந்ததும் புருஷன் தரைத்தகட்டின் மடிப்பைச் சூடு காட்டி நிமிர்த்தினான். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ரெயில் கிறீச்சென்று நகர்ந்தது. “எந்தத் துளையில நிறுத்தட்டும்ப்பா? உங்க அளவுக்கு மூணாவது” என்றான்.

“எனக்கு வேண்டாம். அவ கால் அளவுக்கு நிறுத்து.”

“ஐயோ மாமா, எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே! அன்னிக்கும் தெரியாது...”

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “அதுகூடத் தெரியாம இருந்திருக்கேன் பாரு” என்றார். பிறகு அவளைப் பிடித்துச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியோடு ரெயில் பக்கத்தில் மண்டி போட்டார். புது மருமகளாக வந்த மூன்று மாதமும் வாய் நிறையக் கூப்பிட்ட பேர் ஒன்று இருந்தது. அதைத் தேடி எடுத்தார்.

“நெட்டைப் பொண்ணு... ஓட்ட நான் கத்துத் தரேன். இப்போ காலை நல்லா நீட்டும்மா.”

அவள் அழுதுகொண்டே காலை நீட்டினாள். சீட்டு கடைசித் துளைக்குப் போய் நின்றது.