திரைக்குப் பின்னால் நான்கு ஆலாபனைகள்

நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு என் வயலினுக்குப் பனி காட்டுகிறேன். பூஞ்சை நாரில் வளர்க்கப்பட்ட உடல் அது. ஈரம் குறைந்தால் மேற்பலகை சுருங்கிச் சுருதி விலகிவிடும். தெளிப்பானை இருபது விநாடி பிடிக்க வேண்டும். இருபத்தைந்து ஆகிவிட்டால் மந்தரத் தந்தி சளி பிடித்தாற்போல் பேசும். அதற்குப் பெயர் கிடையாது. எண் உண்டு: வ-4471. வளர்வயலின்கள் எல்லாமே அப்படித்தான். மரவிலக்குச் சட்டம் வந்து எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பின் இசைக்கருவிக்காக ஒரு மரமும் வெட்டப்படவில்லை.

சட்டத்துக்கு முந்திய மர வயலின்கள் தென்னாட்டில் பதினொன்று எஞ்சியுள்ளன. அவை தொல்வயலின் வாரியத்தின் உடைமை. குலுக்கலில் தேர்வாகும் கலைஞர்களுக்கு ஏழாண்டுக் காலத்துக்குத் தரப்படும். அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. எல்லாவற்றிலும் மூத்தது நாச்சியார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் செய்யப்பட்டது. அது ஹம்சவேணியிடம் இருந்தது. ஹம்சவேணியும் நானும் ஒரே ஆசிரியரிடம், ஒரே பாயில் அமர்ந்து கற்றவர்கள். குலுக்கலில் அவள் சீட்டு வந்தது. அடுத்து எடுத்த சீட்டில் அமிழ்தினி என்ற என் பெயர் இருந்ததாகப் பின்னர் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சென்னைச் சபாக்களைக் கடல் கொண்டபின் மார்கழி இசைவிழாவை வாரியமே கோவையில் நடத்துகிறது. மேடை நேரத்தை ஒதுக்க அங்கே ஒரே விதி: கருவியின் வயது. தொல்வயலின் உடையவருக்கு மாலை ஆறு மணி, வளர்வயலின்காரருக்கு நண்பகல். ஒவ்வோர் இருக்கையின் முன்னும் ஒரு பிறப்புப் பலகை ஒளிரும்; வாசிக்கப்படும் வயலின் எந்த ஆண்டு, எந்த ஊரில் பிறந்தது என்று அதில் தெரியும். ஹம்சவேணியின் பலகை ஒளிர்ந்ததுமே, வில் தந்தியைத் தொடுமுன்பே, சிலர் கண்ணை மூடித் தலையை அசைக்கத் தொடங்குவார்கள். என் பலகை ஒளிர்ந்ததும் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள்.

ஆறு ஆண்டுகளாக அவளுடைய கச்சேரி ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. கடைசி வரிசையில் அமர்வேன். முகாரியில், மேல் சட்ஜத்திலிருந்து அவள் இறங்கும்போது அரங்கமே மூச்சடக்கியிருக்கும். என் மூச்சும் நிற்கும். ‘மரம்’ என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு சொல்லின் துணையால் வீட்டுக்குப் போய் உறங்க முடிந்தது.

ஏழாம் ஆண்டில் வாரியத்துக்கு மனு எழுதினேன். பழைய மரம் மேலானது என்பது நிறுவப்படாத நம்பிக்கை; திரைத்தேர்வு நடத்துக; பலகையின்றி, பெயரின்றிக் கேட்டு எவரும் வேறுபாடு காணாவிடில் வயது விதியை நீக்குக. பிழையற்ற மனு. வாரியச் செயலர் துரைக்கண்ணு அதை இருமுறை படித்தார்.

“ஏனுங்க அம்மிணி, ஒருத்தரே ரெண்டு வயலினையும் வாசிச்சாப் பத்தாதுங்களா?”

“பத்தாது. நானே வாசிச்சா நாச்சியாரை வேணும்னே கெடுத்தேன்னு சொல்வாங்க. அவ வாசிச்சா என்னோடதைக் கெடுத்தான்னு நான் சொல்வேன்.”

“சொல்வீங்களா?”

“கண்டிப்பா. அதனால ரெண்டு பேரும் ரெண்டையும் வாசிக்கணும். நாலு ஆலாபனை. எது மரம், எது வளர்வுங்கறது முதல் கேள்வி. மறுபடி கேட்க விரும்புற ரெண்டு எதுங்கறது ரெண்டாவது கேள்வி.”

“ரெண்டாவது எதுக்குங்க?”

“மரம்னு தெரியாட்டியும் மனசு மரத்துக்குத்தான் போகும்னு நாளைக்கு ஒருத்தர் கிளம்புவார். அந்த வழியையும் அடைக்கணும்.”

அவர் மனுவைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்திட்டார்.

தேர்வு நாளில் திரைக்கு அப்பால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பதினாறு பேர். இப்பால் ஹம்சவேணியும் நானும் பாயில் அமர்ந்திருந்தோம். துரைக்கண்ணு கிரீச்சிடும் ஒரு முக்காலியில் இருந்தார். வரிசையைச் சீட்டு எடுத்து முடிவு செய்திருந்தார்.

“பயமா இருக்காடி?” என்றாள் ஹம்சவேணி, மெதுவாக.

“எனக்கென்ன? நீதான் பயப்படணும்.”

“நான் எதுக்கு? உன் மனுவைப் படிக்காமலே சம்மதம்னு எழுதிக் கொடுத்தேன்.” வில்லுக்கு ரோசின் பிசின் தடவியபடியே பேசினாள். “போன வாரம் கச்சேரி முடிஞ்சு ஒரு மாமி அழுதுக்கிட்டே வந்தாங்க. கையைப் பிடிக்கப் போறாங்கன்னு நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் வயலின் பெட்டியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நாச்சியார் உருக்கிட்டாங்கறாங்க, நாச்சியார் அழ வச்சுட்டாங்கறாங்க. நான் அவளைத் தூக்கிட்டு வர்ற ஆளு, அவ்வளவுதான்.”

ஒரே மரத்துண்டின் மீது இருவர் பொறாமைப்பட முடியும் என்று நான் நினைத்ததில்லை. அப்போது எனக்கு இரக்கம் வந்ததாக எழுதினால் அது பொய். மாலை மேடையோடு பொறாமையையும் அவளே வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

முதலில் நான் என் வயலினில் முகாரி வாசித்தேன். அடுத்து அவள் நாச்சியாரில். மூன்றாவதாக நாச்சியார் என்னிடம் வந்தது. சுருள் நுனியை வலக் கணுக்காலில் சாய்த்து வில்லை வைத்தேன். ஆறு ஆண்டுகள் நான் விரும்பிய ஒலி வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தது என் முகாரி. சுத்தமானது, பிழையற்றது, நான் நன்கு அறிந்தது. கடைசி வரை வேறொன்றும் வரவில்லை.

நான்காவதாக வ-4471ஐ அவள் மடியில் ஏந்தினாள். தந்தியை ஒருமுறை மீட்டிப் பார்த்து, “நல்லா வச்சிருக்கியே” என்றாள். பிறகு மேல் சட்ஜத்திலிருந்து இறங்கினாள். முக்காலி கிரீச்சிடுவது நின்றது. திரைக்கு அப்பால் யாரோ மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. அந்த வயலினுக்குள் அப்படி ஓர் ஒலி இருந்தது என்பது மூன்று ஆண்டுகள் நாள் தவறாமல் அதற்குப் பனி காட்டிய எனக்குத் தெரியாது.

துரைக்கண்ணு விடைகளைத் தம் பலகையில் திரட்டினார்.

“பதினஞ்சு பேர் பதில் போட்டிருக்காங்க. ஒருத்தர் தூங்கிட்டாருங்க. மரமா, வளர்வான்னு சொன்ன அறுபது பதில்ல முப்பத்தொண்ணு சரி, மிச்சம் தப்பு. காசைச் சுண்டிப் போட்டாலும் இதுதான் வரும். உங்க மனு செயிச்சிருச்சுங்க அம்மிணி. வயசு விதியை எடுத்தர்றோமுங்க. இனிமே யாருக்கு எந்த மேடைங்கறதைத் திரைக்குப் பின்னால வாசிக்க வச்சே முடிவு பண்ணிக்கலாம்.”

“ரெண்டாவது கேள்வி?” என்றேன். கேட்டிருக்க வேண்டாம், ஆனால் ஒரு மனுவைப் பாதியில் விடுவது என் வழக்கமன்று.

“பதினஞ்சு பேரும் ஒரே மாதிரிங்க. ரெண்டாவதும் நாலாவதும்.” அவர் குரல் தணிந்தது. “ரெண்டாவது நாச்சியாருங்க. நாலாவது... உங்க வயலினுங்க.”

வாசித்தவரின் பெயரை அவர் சொல்லவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

ஹம்சவேணி தன் இடக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. “அப்போ அவங்க அழுதது எனக்காகத்தான்” என்றாள். “உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி.”

“தெரியாட்டா விடு.”

நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தாள்.

“இவங்க நாச்சியாரை வாரியத்துக்கே திருப்பித் தர்றேங்கறாங்க. நீங்க எடுத்துக்கிறீங்களா?” என்று துரைக்கண்ணு கேட்டார்.

நாச்சியார் பாயின் ஓரத்தில் கிடந்தது. அதற்காக நான் ஆறு ஆண்டுகள் பொறாமைப்பட்டிருந்தேன். அந்தப் பொறாமைக்கு ஒரு குலுக்கல் இருந்தது, ஒரு வாரியம் இருந்தது, மனு எழுத ஒரு முகவரி இருந்தது. வேண்டாம் என்று தலையசைத்து, என் வயலினுக்காகக் கையை நீட்டினேன். ஹம்சவேணி அதைச் சற்றுத் தயங்கியே தந்தாள்.

அதன் கழுத்தில் அவள் உள்ளங்கையின் சூடு இருந்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வெளியேறிய பின்னும், அந்தச் சூடு ஆறும்வரை திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.