எரியாத கட்டைகள்

“இந்தத் தகட்ட யாரும் சாத்திர மாட்டீங்கல்ல?”

அக்டோபரில், வீட்டுக் கணப்பில் கேஸ் கட்டைகளைப் பொருத்த வந்த மனிதர் மார்னியிடம் அப்படித்தான் கேட்டார். முட்டி போட்டுத் தலையைக் கணப்புக்குள் விட்டிருந்தார். புகைபோக்கியின் தொண்டையில் இருந்த இரும்புத் தகடு மூடிக்கொள்ளாதபடி அதன் விளிம்பில் ஒரு கிளாம்பைத் திருகிக்கொண்டிருந்தார். கட்டைகள் மொத்தம் ஆறு. சுட்ட களிமண்ணில் பட்டையும் கணுவுமாக, அசல் ஓக் மரம் போலவே செய்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண். படத்தில் காட்டிய இடத்தை விட்டு ஒன்றுகூட நகரக் கூடாது, தீ நேராக எந்தக் கட்டையிலும் மோதக் கூடாது, மோதினால் கரி பிடிக்கும், கரி பிடித்தால் விஷவாயு கிளம்புகிறது என்று அர்த்தம், அதற்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். மார்னி தலையாட்டினாள். வெளியாட்கள் முன்னால் அவளுக்கு வாய் வராது.

இப்போது ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மூன்றாம் எண் கட்டையின் வயிறு கறுத்திருந்தது.

நாற்காலியில் சாய்ந்தபடி வெகுநேரம் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரியாத கட்டை எப்படிக் கரியாகும்? தீ நீலமாக இல்லை. மஞ்சளாக, சோம்பலாக, பூனை நாக்கை நீட்டி நக்குவது போலக் கட்டையின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. கேஸ் வரும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய சீறல், யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதைப் போல, விடாமல் வந்துகொண்டிருந்தது. வெளியே மைனஸ் முப்பது. ஏரியின் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்டது.

கட்டைகளை நகர்த்தியது அவள் கணவன் ஆர்லன். நேற்று மாலை நடந்தது அது.

“இது என்ன, மளிகைக்கடை அலமாரியா? நெஜ விறகு இப்படித்தான் வரிசையில நிக்குமா?” என்று சிரித்துக்கொண்டே கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினான். தணல் போல ஒளிர்வதற்கென்று கொடுத்த எரியாத பஞ்சை, மிச்சம் வைக்காமல் தீ வரும் துளைகள் மேலேயே அமுக்கி வைத்தான். அப்புறம் கணப்புக்குள் கையை விட்டு கிளாம்பையும் கழற்றிவிட்டான்.

“சூடெல்லாம் மேல போயிருது மார்னி. ஏரிப் பறவையெல்லாம் நம்ம கூரை மேல வந்து குளிர் காயுது. ஒரு விரல் அளவு மட்டும் தெறந்து வைக்கிறேன், போதும்.”

அந்த மனிதரின் கேள்வி அவளுக்கு அப்போது நினைவு வந்தது. சொல்ல வாயெடுத்தாள். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். விட்டுவிட்டாள்.

இன்று காலை சுவரில் இருந்த வாயு எச்சரிக்கைக் கருவி கத்தியது. நாலு தடவை, ஒரு இடைவெளி, மறுபடி நாலு. ஆயுள் முடிந்தால் அது ஒரு தடவைதான் சிணுங்கும். அதன் முதுகில் அப்படித்தான் எழுதியிருந்தது. மார்னி அதைப் படித்திருந்தாள். ஆர்லன் அதைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுத்தான்.

“ஆர்லன், அது நாலு தடவ...”

“நாலோ நாப்பதோ, வயசானா கத்தத்தான் செய்யும். எங்கம்மாவ நெனச்சுக்கோ.”

அவளும் சிரித்துவிட்டாள். கராஜ் அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். சமையலறைச் சுவர் வழியே இன்னும் கொஞ்ச நேரம் நாலு நாலாகக் கேட்டது. பிறகு நின்றது.

“பாத்தியா? அடங்கிருச்சு.”

மத்தியானம் மூன்று பேருக்கும் தலைவலி. நாலு வயது மகள் பிரிட்டா சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். ஊரெல்லாம் ஃப்ளூ. எதிர்வீட்டு வெர்னா போனில் விசாரித்தபோது மார்னி அதைத்தான் சொன்னாள்.

“அப்ப நீ அடுப்புப் பக்கமே போகாத. உருளைக்கிழங்கு போட்டு ஒரு பாத்திரம் ஹாட்டிஷ் சுட்டு வாசல்லயே வச்சிட்டுப் போறேன். பெல் அடிக்க மாட்டேன், நீ எந்திரிக்காத” என்றாள் வெர்னா. பிரிட்டா பிறந்த சமயத்திலும் இரண்டு வாரம் தினமும் சாப்பாடு வைத்துவிட்டுப் போனவள் அவள். ஒரு தடவைகூட யாரையும் எழுப்பியதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

இவையெல்லாம் தனித்தனியாகத்தான் மார்னியின் தலைக்குள் மிதந்துகொண்டிருந்தன. கறுத்த கட்டை. தகடு. நாலு சத்தம். நவம்பரிலேயே ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, ஹேர் டிரையரால் ஊதி, முரசுத் தோல் போல இறுக்கியிருந்தார்கள். கதவடிகளில் சுருட்டி வைத்த துண்டுகள். ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது.

கராஜில் அந்தச் சத்தம் ஏன் நின்றது?

அங்கே காற்று நல்லா இருக்கு.

அதனால்தான் நின்றது.

எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள். கால்கள் இன்னும் நாற்காலியிலேயே இருந்தன, வேறு யாருடைய கால்களோ போல. எதிரே சோபாவில் ஆர்லன் மல்லாந்து கிடந்தான். அவன் நெஞ்சின் மேல் பிரிட்டா கவிழ்ந்து படுத்திருந்தாள். இரண்டு பேர் கன்னமும் ரோஜாப்பூ நிறம். பனியில் விளையாடிவிட்டு வந்தவர்கள் போல அவ்வளவு அழகு.

“ஆர்லன்.”

அது குரலாக வெளியே வரவில்லை. போன் மாடியில் இருந்தது. மாடி வேறு ஒரு ஊரில் இருந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து, கம்பளத்தில் முழங்கையை ஊன்றி ஊன்றி சோபா வரைக்கும் போனாள். தொங்கிக்கொண்டிருந்த பிரிட்டாவின் பாதத்தைப் பிடித்து இழுத்தாள். குழந்தை வரவில்லை. கையோடு வந்தது மஞ்சள் சாக்ஸ் மட்டும்.

கேஸை நிறுத்தும் சாவி கணப்புக்கு அந்தப் பக்கம். வாசல் கதவு இந்தப் பக்கம், நாலடி. கதவு.

சாக்ஸை விடாமல் ஊர்ந்தாள். தரையில் கணப்பின் வெளிச்சம் ஆடியது. அவள் நிழல் அவளுக்கு முன்னால் போனது, அவளைவிட வேகமாக. கதவருகே பூட்ஸ் மாட்ட உட்காரும் நாற்காலி. அதைப் பிடித்து ஏறினாள். கைப்பிடியைத் திருகினாள். நழுவியது. மறுபடியும் திருகினாள்.

கதவு திறந்தது. ஒரு விரல் அளவு. அதற்குமேல் இழுக்கக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள், முகம் கதவின் கண்ணாடிப் பக்கம்.

குளிர் வந்தது. ஒரு நூல் அளவு. கூர்மையாக, பனி மணத்தோடு, கணுக்காலில் ஏறி, மெல்ல மெல்ல மூக்குக்கு வந்தது. அவள் அதைக் குடித்தாள். இன்னொரு மிடறு. விரல் நுனியில் சுருக்கென்று உயிர் குத்தியது. இன்னும் கொஞ்ச நேரம். இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் வந்தால் எழுந்துவிடலாம். எழுந்தால் பிரிட்டாவை இழுத்துவிடலாம்.

படியில் பனி நொறுங்கும் சத்தம்.

வெர்னா.

வாசல் விளக்கின் கீழே, கம்பளித் தொப்பியும் கனத்த கையுறையுமாக, துண்டு சுற்றிய பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கணப்பில் தீ. சோபாவில் அப்பாவின் மேல் தூங்கும் குழந்தை. நாற்காலியில் சாய்ந்திருக்கும் அம்மா, மடியில் ஒரு குட்டி சாக்ஸ். வெர்னாவின் முகம் இளகியது.

மார்னி ஒரு விரலைத் தூக்கினாள். உடம்பில் இருந்த அத்தனையையும் அந்த ஒரு விரலில் போட்டுத் தூக்கினாள்.

வெர்னா தலையாட்டினாள். புரிந்துவிட்டது. தன் விரலையும் உதட்டில் வைத்துக் காட்டினாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் படியில் இறக்கி வைத்தாள். நிமிரும்போது கதவின் விரல் அளவு இடைவெளியைப் பார்த்தாள்.

வேண்டாம்.

கையுறை போட்ட கை மெதுவாக, மிக மெதுவாக, தூங்குபவர்கள் விழித்துவிடாதபடி, கதவை இழுத்தது. குளிரின் நூல் மெலிந்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு பக்குவம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெர்னா கையசைத்தாள், திரும்பினாள், நுனிக்காலில் படியிறங்கிப் போனாள்.