வெள்ளிக்கிழமை மட்டும் அணையும் சுடர்

ஜெயவேலுவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவன் ஸ்டவ் ரிப்பேர் கடை போடாத வாரமே கிடையாது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துத் தை மாதத்தில் முதல்முறையாகக் கடையை விரிக்காமல், டிவிஎஸ் ஐம்பதை மிதித்துக் கிளப்பிச் சேலையூர் வரை வந்திருந்தான். எல்லாம் ஒரு பாத்ரூம் ஹீட்டருக்காக.

மூன்று முறை வந்து பார்த்துவிட்ட ஹீட்டர்தான். கேஸில் எரிவது. உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சுடர் எந்நேரமும் நிற்க வேண்டும். குழாயைத் திறந்ததும் அதிலிருந்துதான் பெரிய அடுப்பு பற்றிக்கொள்ளும். அந்தச் சுடர் நிற்க மாட்டேன் என்கிறது. ஜெயவேலு வரும் நாளிலெல்லாம் சமர்த்தாக எரிந்து அவன் மானத்தை வாங்குகிறது.

கதவைத் திறந்த நாகலக்ஷ்மி டீச்சர் வா என்றுகூடச் சொல்லவில்லை.

"இது நாலாவது தடவை. எட்டு மாசக் கர்ப்பிணி தலையில எண்ணெயோட உட்கார்ந்திருக்கா. உனக்கு வேலை தெரியலைன்னா சொல்லிடு."

"வேலை தெரியாமத்தான் பதினெட்டு வருசமா இதுல கீறேனா டீச்சர்? மத்த நாள்ல எரியுது இல்ல?"

"எரியறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போனாத்தான் அணையறது. நானும் ஒவ்வொரு தடவையும் சொல்றேன், நீ காதுல போட்டுக்கல."

"மெஷினுக்கு இன்னா டீச்சர் கெழமை தெரியும்?" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனான்.

கூடத்தில் டீச்சரின் மகள் உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். தோளில் துண்டு, கை நிறைய வளைகாப்பு வளையல்கள். இன்னும் கால் மணி நேரத்தில் அவள்தான் அந்தக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளப் போகிறாள்.

குளியலறை ஆறடிக்கு நாலடி. சிலிண்டர் கொல்லைப்புறத்தில் இருந்தது. ரப்பர் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வந்தது. ஜெயவேலு மூடியைக் கழற்றினான், ஊசியால் துளையைக் குத்தி அடைப்பு எடுத்தான், குமிழை அழுத்திக்கொண்டே தீக்குச்சியைக் காட்டினான். நீலமாகப் பிடித்துக்கொண்டது. அறுபது வரை எண்ணிவிட்டுக் குமிழை விட்டான். சுடர் நின்றது. காற்று வந்து அணைக்கிறதா என்று பார்க்கக் கதவையும் சாத்தினான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சீயக்காய். அப்போதுதான் கரைத்த ஈரச் சீயக்காய். ஆனால் அந்த வீட்டில் யாரும் இன்னும் கரைக்கவே இல்லை; மூலையில் இருந்த கிண்ணத்தில் தூள் காய்ந்து கிடந்தது.

சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யாரோ பக்கத்தில் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதுவது போலச் சாய்ந்தது. அணைந்தது.

மறுபடி பற்றவைத்து, இரண்டு கைகளாலும் அணை கட்டினான். புறங்கையில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது. சுடர் அணைந்தது.

மூன்றாம் முறை தீக்குச்சியே அணைந்துபோனது.

"யாரது?" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

யாரும் இல்லை. காற்று வர எங்கே வழி என்று அண்ணாந்து பார்த்தான். கூரையை ஒட்டி, காற்றுத் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில், சதுரமாகச் சிமெண்டு பூசியிருந்தது. மூன்று முறை வந்தும் மெஷினைத்தான் பார்த்தானே தவிர, சுவரை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"இந்த ஓட்டைய யார் டீச்சர் அடைச்சது?"

"நாங்க குடிவரும்போதே இப்படித்தான். பக்கத்து மொட்டை மாடியிலேர்ந்து தெரியறதுன்னு ஹவுஸ் ஓனர் அடைச்சாராம்."

"கேஸ் எரியற ரூமு டீச்சர் இது. கெட்ட காத்து வெளிய போகணும். வாசனையே இருக்காது, தெரியாது. அவசரமா குளிச்சிட்டு வந்தா தப்பிச்சுக்கலாம். எண்ணெ தேச்சு அரை மணி நேரம் உக்காந்தா அப்படியே மயங்கிடுவாங்க. எழுந்திருக்க மாட்டாங்க." மகளைப் பார்த்தான். "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அது அணைஞ்சதாலதான் இந்தப் பொண்ணு இன்னிக்கு உயிரோட கீது."

டீச்சரின் கை மகளின் தோளை இறுக்கியது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரர் சம்பந்தம் இறங்கி வந்தார். நெல் விளைந்த நிலத்தில் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். தோளில் துண்டு.

"இன்னாய்யா கூச்சல்?"

"முன்னாடி இங்க யாரு குடி இருந்தாங்க?" என்றான் ஜெயவேலு.

"அபிதகுஜாம்பாள்னு ஒரு டீசன்ட்டான அம்மா. ஹார்ட் அட்டாக்ல போய்ட்டாங்க. டாக்டரே எழுதிக் குட்த்தாரு."

"எங்க வுழுந்தாங்க?"

சம்பந்தம் குளியலறைக் கதவைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையா?" என்று டீச்சர் கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தெரிஞ்சேதான் எங்களைக் குடிவெச்சீங்களா? என் பொண்ணு வயித்துப் பிள்ளையோட இதுக்குள்ள குளிக்கறது தெரிஞ்சும் மேல உட்கார்ந்து காபி குடிச்சீங்களா?"

"இன்னிக்கே செவுத்த இடிக்கணும்" என்றான் ஜெயவேலு.

இடித்தால் செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். சம்பந்தத்தின் முகம் இறுகியது. "வேல தெரியாதவன் செவுத்தைக் கொற சொல்றான். ஒண்ணியும் ஆவாது. நானே குளிச்சுக் காட்றேன்."

ஜெயவேலு கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"பாத்தியா, ஒரே குச்சி" என்றார் உள்ளேயிருந்து. தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

மூவரும் நின்று கேட்டார்கள். இப்போது அணைந்துவிடும் என்று ஜெயவேலு காத்திருந்தான். குளிக்கட்டும், நன்றாகக் குளிக்கட்டும் என்றும் அவன் மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரத்திலேயே நிமிஷங்கள் போயின.

"அணையலை" என்றாள் மகள், மெதுவாக.

தண்ணீர் விழும் சத்தம் மாறவில்லை. குளிக்கிற மனுஷனின் சத்தம் எதுவும் அதில் இல்லை.

"அண்ணா, தொறங்க. போதும், வெளிய வாங்க" என்று ஜெயவேலு கதவைத் தட்டினான்.

உள்ளே அடுப்பு மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

ஜெயவேலு கொல்லைக்கு ஓடி ரெகுலேட்டரைத் திருப்பி, சிலிண்டரிலிருந்து பிடுங்கியே எறிந்தான். திரும்பி வந்து கதவை உதைத்தான். மூன்றாவது உதையில் தாழ் பெயர்ந்தது. சம்பந்தம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது, முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. அவனும் டீச்சருமாக அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டார்கள். கரகரவென்று மூச்சு வந்தது. டீச்சர் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

குழாயை மூட ஜெயவேலு உள்ளே வந்தான்.

தண்ணீர் நின்றது. பெரிய அடுப்பு கேஸ் இல்லாமல் முன்பே அடங்கியிருந்தது.

சிலிண்டரே இல்லாத ஹீட்டருக்குள் அந்தச் சின்னச் சுடர் நேராக நின்று எரிந்துகொண்டிருந்தது.

ஊதினான். அசையவில்லை.

நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினான். துளிகூட நடுங்கவில்லை.

"அம்மா, உன் கோவம் நாயந்தான்" என்றான். "அந்தாளுக்கும் புள்ளகுட்டி கீது. போதும், வுட்டுடு."

சுடர் ஒரு விரற்கடை உயர்ந்தது. கொல்லையில் மூச்சின் கரகரப்பு நின்றுபோனது.