வலப்பக்க லைற்

நிரோஜா சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது ஜெயந்தன் காரின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். முரசுமோட்டை வயல்களுக்கு மேல் இருட்டத் தொடங்கியிருந்தது. செத்துப்போன அவன் மனைவி சுதாஜினிக்கு இவள் கூடப்பிறந்த தங்கச்சி.

“நாளைக்குப் பொலிஸ் ஊரிலை இருக்கிற வாகனமெல்லாம் பாக்கப் போகினமாம் அத்தான். அக்கா செத்த அண்டைக்கு மதகடியிலை ஆரோ ஒற்றை லைற்றைத்தான் கண்டவராம்.”

“டிப்பருக்கு ஒரு லைற் பழுதாயிருக்கும்.”

“அந்த டிப்பர்காரன் உருப்படமாட்டான்,” என்றுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

டிப்பர் அடித்தது என்று ஊருக்குச் சொன்னவனே ஜெயந்தன்தான். மணல் டிப்பர் என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அவன் காரின் வலப்பக்க லைற் மூன்று வாரமாக எரியவில்லை. திருத்தச் சொல்லிச் சொல்லியே சுதாஜினிக்கு வாய் ஓய்ந்துபோனது. அன்று பொழுதுபட, சைக்கிளில் எதிரே வந்தவள் ஒற்றை வெளிச்சத்தைக் கண்டு, மோட்டார்சைக்கிள் ஓரத்தால் வருகிறது என்று நம்பி, குழிக்கு விலத்தி நடுவீதிக்கு வந்திருக்கிறாள். காரின் பக்கக் கண்ணாடி எதிலோ தட்டிய சத்தம் அவனுக்குக் கேட்டது. நாயாக்கும் என்று நிற்காமல் வந்துவிட்டான். வீட்டில் அவள் இல்லை. திரும்பிப் போனபோது மதகுச் சுவரில் தலை அடிபட்டுக் கிடந்தாள்.

இப்போதும் தன் தலையைக் காப்பாற்றத்தான் நின்றான். வெட்கங்கெட்ட மனிதன்.

எரிகிற இடப்பக்கப் பல்பை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்துப் பல்பை இடப்பக்கத்திலும் மாற்றிப் போட்டான். உள்ளே ஏறி ஸ்விச்சைப் போட்டான். முன்னால் ஒருவர் நின்று பார்த்துச் சொல்வது அந்த வீட்டுப் பழக்கம். தன்னையறியாமல் கேட்டான்.

“எரியுதோ?”

“இல்லை.”

அப்படியென்றால் பல்பில் பிழையில்லை. ஃபியூஸை மாற்றினான்.

“இப்ப?”

“இல்லையப்பா.”

அவனை அப்பா என்று கூப்பிட்டவள் சுதாஜினி ஒருத்திதான்.

மதகடி வாய்க்கால் சேற்று மணம் காருக்குள் வந்தது.

நிரோஜா தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றாள். “ஆரோடை அத்தான் கதைக்கிறீங்கள்?”

“ஒருத்தரோடையும் இல்லை.”

இறங்கித் திரும்பவும் பொனற்றடிக்குப் போனான். விடிந்தால் பொலிஸ். லைற்றுக்குப் பின்னால் ஏர்த் வயர் பச்சை பிடித்துக் கிடந்தது. கத்தியால் சுரண்டி இறுக்கினான். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஸ்விச்சைப் போட்டான். வீட்டுச் சுவரில் இரண்டு வெளிச்சமும் வட்டமாக விழுந்தன. அவனுக்கு மூச்சு வந்தது.

“நிரோஜா, முன்னாலை நிண்டு ஒருக்காப் பார்.”

அவள் சுவரடிக்குப் போய்த் திரும்பினாள். தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்தது.

“ஒண்டுதான் தெரியுது அத்தான்.”

“சுவரைப் பார். ரண்டும் எரியுது.”

“மற்றதை மறைச்சுக்கொண்டு அக்கா நிக்கிறா.”

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். ஒருவரும் இல்லை.

நிரோஜா யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சரித்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“அக்கா கேக்கிறா,” என்றாள் மெல்ல. “சத்தம் கேட்டும் ஏன் நிக்கேல்லை எண்டு.”